மாமா மறந்துபோன சாம்பியன்கள்

விம்பிள்டன் போட்டி தொடங்கிய இரண்டாம் நாள், போன வருடம் பெண்களில் ஜெயித்தது யார் என்று மாமாவிடம் கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். மடியில் பிள்ளை இருந்தாள். அவளுக்குத் தயிர்ச்சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் பச்சைத் தரையும் வெள்ளை உடுப்புமாக யாரோ இருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்.

"இடக்கைக்காரியாக்கும். வேற ஆரு?"

என் கை சோற்றுக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

மாமா என்பது என் கணவரின் அப்பா. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி கும்பிடுவதற்கு அடுத்தபடியாக அவர் தவறாமல் செய்கிற காரியம், வருடத்தில் அந்த இரண்டு வாரம் புல்தரை டென்னிஸ் பார்ப்பது. தோட்டத்தில் இருந்த காலத்தில் வானொலியில் செய்தி கேட்டு, பிறகு யார் வீட்டிலோ கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்து, இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார். ஆடுகிறவர்கள் யாரையும் அவர் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஆளுக்கொரு அடையாளப் பெயர் இருப்பதுபோல அவர்களுக்கும் வைத்திருந்தார். ஐந்து வருடம் விடாமல் ஜெயித்தவர் தாடிக்காரன். பந்துக்குக் குறுக்கே பாய்ந்து புல்லில் விழுந்து எழும்புகிறவர் விழுந்தாட்டக்காரன். ஜெயித்தாலும் தோற்றாலும் கண்ணைத் துடைக்கிறவர் அழுமூஞ்சி. ஒன்பது தடவை தட்டு வாங்கியவர் இடக்கைக்காரி. ஆண்களுக்குத்தான் கோப்பை, பெண்களுக்குத் தட்டு. நம்மூர்த் தாம்பாளம்போல இருக்கும். எந்த வருடம் எவர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாமா சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த இடக்கைக்காரி கடைசித் தட்டை வாங்கியபோது நான் பிறக்கவே இல்லை.

"வெளையாட்டுக்குச் சொல்லுகியளா மாமா?" என்றேன். திரையில் பந்து அங்கும் இங்கும் போய்வர, அவர் தலை மட்டும் அசையாமல் இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அந்த மாதம் என்னுடைய எல்லாமே மாமாவின் தலைக்குள் இருந்தது. அஞ்சுகிராமத்தில் ஒரு தனியார் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பிரசவ விடுப்பில் போகும் ஒருவருக்குப் பதிலாக எடுக்கிறார்கள். விம்பிள்டன் முடிகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் சேரவேண்டும். படித்து முடித்து ஐந்து வருடம் சும்மா இருந்தபிறகு வந்த வேலை. கணவர் மஸ்கட்டில். மாமியார் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். என் அம்மா திருநெல்வேலியில் அண்ணனுடைய இரட்டைப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயது நிறையாத என் மகளை, மதியம் அங்கன்வாடி விட்டதிலிருந்து நான் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேரும் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள மாமா ஒருவர்தான் உண்டு.

வீட்டுக்குப் பின்னால், கொல்லைக் கதவைத் திறந்து கொஞ்சம் நடந்தால் வாய்க்கால். கன்னிப்பூ நெல் சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணையைத் திறந்திருந்த சமயம். படித்துறையில் மேல் இரண்டு படிதான் வெளியே தெரியும்.

போன வருட சாம்பியனை மறந்தவர் பிள்ளையை மறக்கமாட்டார் என்று யார் சொல்லமுடியும்?

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் சந்தேகக்காரி. காய்ச்சல் மருந்துப் புட்டியின் தேதியைக் கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை, ஊற்றும்போது ஒரு தடவை பார்ப்பேன். கேஸை அடைத்துவிட்டு வாசல்வரை வந்து மறுபடி அடுக்களைக்குப் போவேன். அப்படிப் போவது தேவையா என்றும் எனக்கே சந்தேகம் வரும். அதனால் உடனே யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து மடித்து, பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மாமா மறப்பதையெல்லாம் அதில் எழுதத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள்: கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். பிள்ளையை என் நாத்தனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான்காம் நாள்: வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டதா என்று கேட்டார். அன்று காலையில்தான் வரப்பில் நின்றுவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். ஐந்தாம் நாள், நானாகவே ஒரு கேள்வி போட்டேன். ஆண்களுக்குக் கொடுக்கிற கோப்பையின் உச்சியில் என்ன இருக்கும் என்று கேட்டேன்.

"தாமரை மொட்டு" என்றார்.

அது அன்னாசிப்பழம். எனக்கு அதைக் காட்டித்தந்ததே மாமாதான். எங்கள் பக்கத்தில் அதைக் கைதச்சக்கை என்போம். கல்யாணமான வருடம், வெள்ளைக்காரன் கோப்பைத் தலையில் கொண்டுபோய்க் கைதச்சக்கையை வைத்திருக்கிறானே, கீரிப்பாறைக்கு வந்தால் ரப்பர் மரத்துக்கு இடையில் வேண்டிய மட்டும் பறித்துக்கொள்ளலாமே என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பையுமா மறந்துவிட்டார்?

பந்தயத்தைப் பற்றியும் கேட்டேன். மாமாவுக்குக் கல்லூரிக் காலத்துத் தோழர் ஒருவர் உண்டு. கடற்கரை ஊர்க்காரர், மீன் மொத்த வியாபாரம் செய்து இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டவர். நான் அவரைப் பெரியப்பா என்பேன். வருடாவருடம் முதல் பந்து போடுவதற்கு முன் இருவரும் பெண்கள் பிரிவில் ஆளுக்கொருவரைச் சொல்லுவார்கள். யார் சொன்னவர் அதிக தூரம் போகிறாரோ அவருக்கு வெற்றி. மாமா தோற்றால் ஒரு குலை மட்டிப்பழம். பெரியப்பா தோற்றால் ஒரு பெட்டிக் கருப்பட்டி. எங்கள் வீட்டில் மீன் ஏறாது என்பதால் கருப்பட்டி. இந்த வருடம் யாரைச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் விட்டு எத்தனையோ காலமாயிற்று என்றார் மாமா. போன வருடம் எங்கள் வாழைத்தோட்டத்துக் குலை ஒன்று ஸ்கூட்டரின் பின்னால் கட்டி அனுப்பப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதினேன்.

எழுதியதை வாசித்துப் பார்த்தபோது ஜூன் மாதத்து விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. நான் நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பிய நாள். வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை காலையில் நான் போட்டுவிட்ட மஞ்சள் கவுனில் இல்லை. வேறு கவுன். தலை ஈரம். மஞ்சள் கவுன் கொல்லைக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. குடத்தைச் சரித்துத் தலையில் கொட்டிக்கொண்டாள் என்றார் மாமா. அடுக்களையில் குடம் அதன் இடத்தில் நிறைந்து இருந்தது. திரும்ப நிறைத்திருப்பார் என்று நினைத்தேன். இந்த வீட்டில் மாமா குடத்தை எடுத்து நான் பார்த்ததே இல்லையே என்றும் நினைத்தேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கொல்லைக் கதவில் புதிதாக ஒரு கொண்டி இருந்தது. நான் எக்கித் தொடுகிற உயரத்தில். ஆடு உள்ளே வருகிறது என்றார். எங்கள் தெருவில் ஆடு வளர்ப்பவர் யாரும் இல்லை.

அதையும் மறதிக் கணக்கில் சேர்த்து எழுதினேன். நடந்ததை மறந்துவிட்டு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

கணவரிடம் சொன்னேன். காணொளியில் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. "அப்பாக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு சந்தேகப்பட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றார். அப்பாவைக் குறை சொல்வதற்காக நான் எதையாவது கட்டுகிறேனோ என்று அவருக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் அவருக்கு இருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம். அன்றைக்கு இருவரும் சரியாகப் பேசாமலே வைத்துவிட்டோம்.

ரத்த அழுத்தம் பார்த்துவரலாம் என்று சொல்லி மாமாவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பிள்ளையும் கூட வந்தாள். சின்ன வயது டாக்டர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பார். நான் தனியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மாமாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். என்ன கிழமை, என்ன தேதி என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். மூன்று வார்த்தை சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் வரைந்து மணி காட்டச் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். ஏழு ஏழாகக் குறைத்து இரண்டு வரை போய், இன்னும் போகவேண்டுமா என்று கேட்டார். கணக்கு டீச்சரான நானே எண்பத்தாறில் ஒரு நொடி நின்றேன்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "இந்த வயசுக்கு அவங்க ஞாபகம் நல்லாவே இருக்கு. வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க நான் வெளியே போன நேரத்தில் மாமா என்னைப் பற்றி ஏதும் சொல்லியிருப்பாரோ?

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எந்தப் பாலம் எந்த வருடம் கட்டினார்கள், அதற்கு முன் பஸ் எந்த வழியாகச் சுற்றிப்போகும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"பிள்ளே, இன்னைக்கு மொதல் சுத்தா, ரெண்டாம் சுத்தா?"

அன்று கால் இறுதி.

அந்த நிமிடம்தான் என் சந்தேகம் திசை மாறியது. இவர் மறக்கவில்லை, மறந்ததுபோல நடிக்கிறார். ஏன் நடிக்கவேண்டும்? வேலை கிடைத்தது என்று சொன்ன அன்று, படித்த படிப்பை அடுப்பில் வைக்கக்கூடாது, போய்விட்டு வா என்று முதலில் சொன்னவரே மாமாதான். வாயால் அப்படிச் சொல்லிவிட்டு, நானாகப் பயந்து வேலையை விட்டுவிடவேண்டும் என்று இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மருமகளை வேலைக்கு விடாத மாமனார் என்ற பெயரும் வராது. தாளில் எழுதியதையெல்லாம் அந்தக் கண்ணோடு திரும்ப வாசித்தேன். எல்லாம் பொருந்தியது. மறதி எல்லாமே நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் வந்திருக்கிறது. பிள்ளைக்குச் சாயங்காலம் கொடுக்கிற இரும்புச்சத்து மருந்தை ஒரு நாள்கூட அவர் மறந்ததில்லை. கொல்லைக் கதவுக் கொண்டியை ஒரு தடவைகூடப் போடாமல் விட்டதில்லை.

காப்பித் தம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். வைத்த பிறகு, ஒருவேளை நிஜமாகவே நோயாக இருந்தால் நான் செய்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அடுக்களையில் நின்று கலங்கினேன்.

அன்றைய கால் இறுதியில் ஆடியவர்களில் ஒருவர், பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வந்தவர். வர்ணனை செய்கிறவர்கள் மூச்சுக்கு மூச்சு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் ஆகிவிட்டதால் கோட்டுக்குப் பக்கத்தில் புல் தேய்ந்து மண் தெரிந்தது. அந்த மண்ணில் நின்று அவர் பந்தைத் தட்டித் தட்டிப் போட்டார். நடுவில் கேமரா பார்வையாளர் பக்கம் போனது. காதில் பெரிய காதடைப்பான் மாட்டிய ஒரு சின்னப் பிள்ளை, வயதான ஒருவர் மடியில் இருந்தது. அந்த ஆட்டக்காரியின் அப்பாவாக இருக்கலாம். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த வயதானவரின் கையையே பார்த்தேன். இடது கை பிள்ளையின் இடுப்பைச் சுற்றி இருந்தது. அவர் கைதட்டும்போது அந்தக் கையை எடுத்துவிடுவாரோ என்று பார்த்தேன்.

மாமாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழும்பிக் கொல்லைப் பக்கம் போனார். கொண்டியை ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. போட்ட கொண்டியை எதற்கு ஆட்டிப் பார்க்கிறார்?

அந்தத் தாய் தோற்றுவிட்டார். வலைக்குப் பக்கத்தில் கைகொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஏதோ சொந்தக்காரி தோற்றதுபோல இருந்தது. "பிள்ளையப் பெத்துட்டு வந்து இம்புட்டு தூரம் ஆடிப்போட்டாளே" என்று மாமா தனக்குள் சொன்னார். நான் பார்ப்பதைக் கண்டதும், "ஆரு அவ?" என்று கேட்டார்.

மறுநாள் இன்னொன்று நடந்தது. ஆட்டத்துக்கு இடைவேளையில் ஆண்கள் கோப்பையைப் பெரிதாகக் காட்டினார்கள். தரையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த பிள்ளை விரலை நீட்டி, "கைதச்சக்க" என்றாள்.

"ஆரு மக்ளே சொல்லித்தந்தா?" என்றேன்.

"பாட்டா" என்று மாமாவைக் காட்டினாள்.

மாமா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தலைவலிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகும், சண்டையானால் பிள்ளையை யாரிடம் விடுவது?

சனிக்கிழமை பெண்கள் இறுதிப் போட்டி. மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். ஜெயித்தவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபோது மாமாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதுபோல எனக்குப் பட்டது. நிச்சயமாகச் சொல்லமுடியாது.

ஞாயிறு காலை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பெரியப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பனையோலைப் பெட்டி. வாசலில் நின்றே சத்தம் போட்டார்.

"எங்கவே, ஜெயிச்ச ஆளு ஒளிஞ்சா இருக்கேரு? இன்னா பிடியும் உம்ம கருப்பட்டிய."

மாமா உள்ளேயிருந்து வேகமாக வந்து கையைக் காட்டி அவரைத் தடுக்கப் பார்த்தார். பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. பெட்டியை என் கையில் தந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மக்களே, ஒம் மாமனாருக்கு இருக்கது தலையா, கம்ப்யூட்டரா? இவரு சொன்னவ மொதல் சுத்திலயே போயிருவான்னு நான் சொன்னேன். இந்த மனுசன் கேக்கல்ல. பத்து வருசமா அவ புல்லுல எங்கெங்க தோத்தா, எதுக்குத் தோத்தான்னு ஒரு பாட்டம் ஒப்பிச்சாரு. தெனமும் காலையில வரப்புல நிண்ணுக்கிட்டு எனக்குப் போன். நேத்தைய ஆட்டம் இப்படி, நாளைக்கு இப்படின்னு. காதே புளிச்சுப் போச்சு."

நான் மாமாவைப் பார்த்தேன். பெட்டி கையில் கனத்தது.

"போன வருசம் ஆரு மாமா ஜெயிச்சா?" என்றேன்.

பெரியப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாமா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். போன வருடம், அதற்கு முந்தின வருடம், அதற்கும் முந்தினது என்று பின்னோக்கிப் போனார். அவர் வைத்த அடையாளப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நோய்த்தொற்றுக் காலத்தில் ஒரு வருடம் போட்டி நடக்காததையும் விடாமல் சொன்னார். நான் பள்ளியில் படித்த வருடங்கள், நான் பிறந்த வருடம் எல்லாம் தாண்டி இடக்கைக்காரியிடம் வந்து நின்றார்.

"போதுமா பிள்ளே?"

"வேலைக்குப் போகாண்டாம்னு நேராச் சொல்லியிருக்கலாமே மாமா. எதுக்கு இந்த நாடகம்? ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டு அலைஞ்சேனே." என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"போகாண்டாம்னு இல்ல." அவர் தூணை விடவில்லை. "நீ போணும். ஆனா பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போகப்படாது."

நான் நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று நடந்ததை அதற்குப் பிறகுதான் சொன்னார். விம்பிள்டனுக்கு முன்னால் நடக்கிற ஏதோ புல்தரை ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் காட்டியிருக்கிறார்கள். பிள்ளை கூடத்தில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆட்டம் இழுபறியாகப் போயிருக்கிறது. ஒரு பாயின்ட், இன்னொரு பாயின்ட் என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் சொப்பு மட்டும் கிடக்கிறது. கொல்லைக் கதவு திறந்திருக்கிறது.

"படியில நிக்கா. அரைக்குக் கீழ வெள்ளம். ஒரு கை படிக்கல்லப் பிடிச்சிருக்கு. அழல்ல, கூப்பிடல்ல. என்னப் பாத்து சிரிக்கா. இன்னும் ஒரு படி கீழ வச்சிருந்தான்னா..." அங்கே நிறுத்தினார்.

பெரியப்பா, "எடே" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளையைத் தூக்கிவந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக் கவுனை மாற்றினாராம். அன்றே என்னிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாராம். நான் வாசலில் ஏறும்போதே வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தேனாம். சொன்னால் நான் வேலைக்குப் போகமாட்டேன், சொல்லாவிட்டால் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன். கொண்டி போட்டார். அதிலும் மனம் ஆறவில்லை. விம்பிள்டன் தொடங்கிய இரண்டாம் நாள் நான் போன வருட சாம்பியனைக் கேட்டபோது, மனசு வேறெங்கோ இருந்து, வாயில் தானாக இடக்கைக்காரி வந்துவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தோன்றியதாம். புத்தி மங்கிய கிழவனிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? நானாகவே வேறு ஏற்பாடு செய்துகொள்வேன் என்று நினைத்திருக்கிறார்.

"மறந்துபோச்சுன்னு சொல்லுகதுக்கு எனக்கு நாணம் இல்ல. இதைச் சொல்லுகதுக்குத்தான் வாய் வரல்ல" என்றார்.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கொண்டியை எக்கித் திறந்து படித்துறையில் போய் நின்றேன். தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவருடைய நாற்காலியிலிருந்து அந்தப் படி வரை திரும்ப நடந்து எண்ணினேன். என் காலுக்கு இருபத்திரண்டு எட்டு. பிள்ளையின் காலுக்கு அறுபது இருக்கும். அறுபது எட்டு வைக்கிற நேரம் இந்த மனிதர் ஒரு வெள்ளைப் பந்தையோ மஞ்சள் பந்தையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத் திட்டவேண்டும்போல இருந்தது. நானும் அன்று ஈரக் கவுனைப் பார்த்தேன், நிறைகுடத்தைப் பார்த்தேன், கேட்காமல் இருந்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பள்ளித் தலைமை ஆசிரியையின் செல்லுக்குப் போன் செய்து ஒரு வாரம் தள்ளிச் சேரலாமா என்று கேட்டேன். திங்கட்கிழமை வரவில்லை என்றால் பட்டியலில் அடுத்து இருக்கிறவரைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கன்வாடி ஆயா வீட்டுக்கு அன்றைக்கே நடந்து போனேன். அங்கன்வாடி விட்டதும் பிள்ளையை மூன்றரை மணி வரை தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் கிணறு உண்டா, மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மிச்சம் இரண்டு மணி நேரம். அதற்கு மாமாவை விட்டால் ஆள் இல்லை.

தொலைக்காட்சியை வண்டியில் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாகப் பெரியப்பா சொன்னார். மாமாவும் எடுத்துப் போகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அது இல்லாவிட்டால் மாமா மத்தியானம் தூங்கிவிடுவார் என்று எனக்குப் பயம். கடைசியில் அவர்கள் இருவருமாகச் சாய்வு நாற்காலியைத் தூக்கிக் கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போட்டார்கள். அதைத் தாண்டாமல் யாரும் வாய்க்கால் பக்கம் போகமுடியாது. அங்கிருந்து பார்த்தால் தொலைக்காட்சி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அன்று சாயங்காலம் ஆண்கள் இறுதிப் போட்டி. மாமா அந்த நாற்காலியில் இருந்தபடி, ஆட்டத்தைக் காதால் மட்டும் கேட்டார். நான் சுக்குத் தட்டிப் போட்டு, புதுக் கருப்பட்டியில் காப்பி வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தொலைக்காட்சியில் கோப்பையைக் காட்டியபோது பிள்ளை மறுபடி கைதச்சக்க என்றாள்.

திங்கட்கிழமை போனேன். மத்தியான இடைவேளையில் ஆயாவுக்கு ஒரு போன், மூன்றரைக்கு மேல் மாமாவுக்கு ஒரு போன். கொண்டி போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு என்றார். பிள்ளை குரலைக் கேட்கவேண்டும் என்றேன். கொடுத்தார். இப்போது இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் அப்படித்தான் நடக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வேறு தாள் எடுக்கவில்லை.

ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையைத் தூக்கி, கொஞ்சுவதுபோலக் கவுனின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் பையைக் கீழே வைப்பேன். மாமா கொல்லைக் கதவுக்குக் குறுக்கே கிடக்கிற நாற்காலியில் அப்படியே இருப்பார். நான் தொட்டு முடிக்கும்வரை அவர் எழும்புவதில்லை.